தம்பிரானின் ஆடி அமாவாசை

யோகேந்திரன் தன் வாழ்க்கையில் எதையும் தேடிப் போனவர் அல்லர். வேலைக்கு விண்ணப்பம் போட்டது தமையன். பெண் பார்த்தது தாய்மாமன். இடமாற்றம் வந்தபோது கண்டியா கல்முனையா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை; கண்டி என்று தாள் வந்தது, பெட்டியைக் கட்டினார். பேராதனைப் பக்கத்து ரயில் ஸ்டேஷன் ஒன்றில் பார்சல் கிளாக்கின் கதிரை அவருக்காகக் காத்திருந்தது. வருவதற்குக் கையெழுத்துப் போடுவது, வந்ததைத் தட்டில் அடுக்குவது, கேட்டு வருகிறவரிடம் கொடுப்பது. இந்த வேலைக்கென்றே லேபல் ஒட்டி அனுப்பப்பட்ட ஆள் அவர்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கண்டித் தெருக்களில் கடைகள் எரிந்தபோது, ஸ்டேஷன் போர்ட்டர் ஒருவன் அவரையும் மனைவி பத்மாதேவியையும் சரக்குப் பெட்டி ஒன்றுக்குள் தள்ளி, வெளியே ‘வெற்றுப் பெட்டி’ என்று சோக்குக் கட்டியால் சிங்களத்தில் எழுதிப் பூட்டிவிட்டான். உள்ளே இருட்டு. பயத்தில் பத்மாதேவி தேவாரம் பாடத் தொடங்கினாள்.

“வெற்றுப் பெட்டி பாடுறதில்லையப்பா” என்று யோகேந்திரன் அவள் வாயைப் பொத்தினார்.

ஊர் அடங்கி, போர்ட்டர் வந்து கதவைத் திறந்தபோது, வெளிச்சத்துக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கியவர் முதலில் கேட்டது: “எங்களை ஆர் சைன் வைச்சு எடுத்தது?”

அப்படிப்பட்டவர் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, ஒரு பொருள் தனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டார். அது ஒரு விலாங்கு.

ஹோட்டல் முதலாளி ஒருவர் தன் முன்மண்டபத்தில் கடல்மீன் தொட்டி வைக்க நினைத்து, கண்ணாடித் தொட்டியையும் உயிருள்ள மீன் பெட்டியையும் ரயிலில் எடுப்பித்திருந்தார். பார்சல் வந்து சேர்வதற்குள் எங்கோ ஒரு குண்டு வெடித்து, வெள்ளைக்காரர்கள் அறைகளை ரத்துச் செய்துவிட்டார்கள். மீனைப் பார்க்க ஆளில்லாத ஹோட்டலுக்கு மீன் எதற்கு? முதலாளி வரவில்லை. பெட்டி பார்சல் கந்தோரில் கிடந்து அசைந்தது. எடுக்க ஆளில்லாத உயிர்ப் பார்சலை ஏலம் போட வேண்டும் என்பது சட்டம். யோகேந்திரன் மூடியைத் திறந்ததும் ஏலத்துக்கு வந்திருந்த போர்ட்டர்மார், “நயா! நயா!” என்று நாகபாம்பைக் கண்டதுபோல் மேடையைத் தாண்டி ஓடினார்கள்.

பாம்பில்லை. கடல் விலாங்கு. கரையோரச் சனம் அஞ்சாலை என்பார்கள். பெருவிரல் தடிப்பு, மஞ்சளும் கபிலமுமாகப் புள்ளி, சின்னப் பொத்தான் கண். பொலித்தீன் பைக்குள் சுருண்டு கிடந்து வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது, பென்ஷன் கந்தோரில் காலை முழுக்க வரிசையில் நின்றும் தன் கோவைக் கட்டைக் காணவில்லை என்று கேள்விப்பட்ட மனிதரைப் போல. ஒருவரும் எடுக்க வராத அந்த முகத்தை யோகேந்திரன் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏலத்தில் தானே கேட்டு, தானே உயர்த்தி, தானே எடுத்தார்.

வீட்டில் பத்மாதேவி சுத்த சைவம். முட்டை என்ற சொல்லையே மெதுவாகத்தான் சொல்லுவாள். ரயில்வே குவாட்டர்ஸின் முன்னறையில் தொட்டியை இறக்கியதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இதென்னப்பா, பாம்போ?”

யோகேந்திரன் யோசித்தார். மீன் என்றால் இன்றைக்கே தெருவுக்குப் போகும். பாம்பென்றால் நாகதம்பிரான், சாமிப் படத்துக்குப் பக்கத்திலேயே இடம் கிடைக்கும்.

“பாம்பு மாதிரித்தான் கிடக்கு” என்றார். அதில் பொய் ஒரு சொல் இல்லை.

பத்மாதேவி ஈரக்கையைச் சேலையில் துடைத்து, தொட்டிக்கு முன்னால் ஒரு செவ்வரத்தம்பூவை வைத்தாள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் தம்பிரான்.

“தம்பிரான் என்ன சாப்பிடுவார்?”

“இறால்.”

“பாம்பு இறால் தின்னுமோ?”

“இது கடற்பாம்பு.”

“அப்ப வெள்ளிக்கிழமை குடுக்கப்படாது.”

இப்படியாக, இந்து சமுத்திரத்தில் பிறந்த அஞ்சாலைகளில் வெள்ளிக்கிழமை விரதம் பிடித்த ஒரே அஞ்சாலை கண்டி மாவட்டத்தில் வளர்ந்தது. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி. அந்தச் சாதி நாட்கணக்கில் உண்ணாமல் கிடக்கக் கூடியது என்பதால் உயிர் தப்பியது. பூனையாக இருந்திருந்தால் வீட்டைவிட்டு ஓடியிருக்கும்.

கம்பஸில் விலங்கியல் படித்த பெடியன் ஒருவன் ஒருநாள் பார்க்க வந்து, “அன்ரி, இது பாம்பில்லை…” என்று வாயெடுத்தான். யோகேந்திரன் அவன் தோளில் கையைப் போட்டு வெளியே கூட்டிப்போனார்.

“தம்பி, நீர் படிச்சது முழுக்கச் சரி. ஆனால் அதை இந்த வீட்டிலை சொன்னால் நாளைக்கு அதுவும் தெருவிலை, நானும் தெருவிலை.”

பெடியன் திரும்பி வந்து தொட்டியை இன்னொரு தடவை குனிந்து பார்த்து, “அன்ரி, வடிவாப் பாத்தன். படமெடுக்கிற சாதியில்லை. மற்றபடி பாம்புதான்” என்றான். படிப்பென்றால் அப்படி இருக்க வேண்டும்.

கடல் விலாங்குக்குக் கடல்தண்ணீர் வேண்டும். கண்டியில் தேயிலை இருக்கிறது, புத்தர் பல் இருக்கிறது, மகாவலி இருக்கிறது. கடல் மட்டும் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் ஸெய்னுலாப்தீன். அக்குறணை ஆள், ரயில் கார்ட். கண்டியிலிருந்து கொழும்பு வழியாகக் கரையோரமாய் மாத்தறை போகும் ரயிலில் அவருக்கு வேலை. கொழும்புக் கரையில் பம்பலப்பிட்டி ஸ்டேஷனில் அலை எழும்பினால் மேடைமேல் நிற்பவரின் சப்பாத்து நனையும். ரயில் சிக்னலுக்கு நிற்கும் நேரத்தில் இறங்கி இரண்டு பிளாஸ்டிக் கலன்களை நிரப்பி, ‘யோகேந்திரன், பார்சல் கந்தோர்’ என்று லேபல் கட்டி, கார்ட் பெட்டியின் மூலையில் வைத்துவிடுவார். ரயில்வே ஆட்களுக்குள் இதெல்லாம் வழக்கம். ஒருவருக்குப் பலாக்காய் வரும், ஒருவருக்குக் கருவாடு வரும், யோகேந்திரனுக்குக் கடல் வந்தது.

“யோகன், கார்ட் உத்தியோகத்துக்கு வந்த நேரம் கடலைச் சொமந்துகொண்டு திரிய வேணுமெண்டு ஒத்தரும் செல்லல்லயே” என்று ஸெய்னுலாப்தீன் ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். “ஒங்கட பாம்பு உசிரோட ஈக்குதா?”

“இருக்குது நானா. உங்களைக் கேட்டது.”

“அதுக்கு என்னைய எங்க தெரியும்? தண்ணியைத்தான் தெரியும்.”

தம்பிரான் கைத்தடி மொத்தத்துக்கு வளர்ந்தார். இரவில் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரப் பார்க்கிறவர் என்பதால், பார்சல் தராசின் பழைய படிக்கல் இரண்டை மூடிமேல் வைத்திருந்தது. வேலை முடிந்து வந்ததும் யோகேந்திரன் சேர்ட்டைக் கழற்ற முன் தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்காருவார். அது குழாய்க்குள்ளிருந்து தலையை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடும். அவர் ஸ்டேஷன் புதினங்களைச் சொல்லுவார். பிள்ளை இல்லாத வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. அவர் சொல்லுவதை ஆமோதித்து வாயசைக்கிற ஒரே உயிர் அந்த வீட்டில் அதுதான் என்று பத்மாதேவியே சொல்லியிருக்கிறாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு வந்தது. மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, நாளில் பாதி கரண்ட் இல்லை. காற்றுக் குழாயின் மோட்டர் நின்றுவிட்டால் தம்பிரான் மூச்சுக்குத் திணறுவார் என்பதால், பத்மாதேவி செம்பால் தொட்டித் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பாள். அபிஷேகம் என்று நினைத்துச் செய்தபடியால் அவளுக்குக் கை உளையவில்லை.

ஆடியில் தெஹிவளையில் ரயிலுக்குள் குண்டு வெடித்தது. ரயிலில் கிடந்த ஒவ்வொரு பொதியையும் ஆமிச் சிப்பாய்கள் பிரித்தார்கள். அடுத்தநாள் ஸெய்னுலாப்தீனின் கார்ட் பெட்டியில் இரண்டு கலன் பிடிபட்டது. லேபலில் தமிழ்ப் பெயர். மூடியைத் திறந்தால் தண்ணீர். மகாவலி கொல்லைப்புறத்தில் ஓடுகிற ஊருக்கு ஒருவன் கொழும்பிலிருந்து தண்ணீர் எடுப்பிக்கிறான் என்றால் அவனைச் சந்தேகிக்காமல் யாரைச் சந்தேகிப்பது? பின்னேரமே பொலிஸ் வந்து யோகேந்திரனை ஏற்றிக்கொண்டு போனது.

“தண்ணி எதற்கு?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“பாம்புக்கு” என்றார் யோகேந்திரன். பயத்தில் வீட்டு வழக்கம் வாயில் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் எடுபடவில்லை. மறுநாள் காலை பொன்னுத்துரையர் வந்திராவிட்டால் அவர் கதை வேறுமாதிரி முடிந்திருக்கும். பொன்னுத்துரையர் கணக்காய்வுத் திணைக்களத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சிங்களம் பேசினால் சிங்களவரே உடுப்பைச் சரிசெய்துகொண்டு நிற்பார்கள். கண்டியில் பிடிபடுகிற தமிழ் உத்தியோகத்தரை எடுக்கப் போகிறவர் அவர்தான். இன்ஸ்பெக்டரின் காதில் ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டர் யோகேந்திரனை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

“தம்பி, உன்னை விசரன், தலைக்குச் சுகமில்லை எண்டு சொல்லித்தான் எடுத்தனான். கோவியாதை.”

“பரவாயில்லை அண்ணை. சைன் வைச்சோ எடுத்தனீங்கள்?”

பொன்னுத்துரையர் அவரை மேலும் கீழும் பார்த்தார். தான் சொன்னது பொய்யில்லைப் போலிருக்கிறதே என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

ஸெய்னுலாப்தீன் வந்து கதவடியிலேயே நின்று சொன்னார். “யோகன், இனி ஏலா. என்ட உத்தியோகமும் போகும், ஒங்கட உசிரும் போகும். பாம்பை மகாவலியில விடுங்க.”

“நல்ல தண்ணியிலை செத்துப்போகும் நானா.”

“அப்ப ஈக்கிற தண்ணியைப் பாத்துச் செலவழிங்க.”

இருந்தது குளியலறையில் ஒரு பரல், பீப்பாய் நிறையக் கடல்தண்ணீர். ஒவ்வொரு கிழமையும் தொட்டியில் கொஞ்சத்தை இறைத்துவிட்டுப் பரலிலிருந்து கொஞ்சம் ஊற்றினால் தீபாவளிவரை இழுக்கலாம். அதற்குள் சண்டை முடியாதா என்று யோகேந்திரன் நினைத்தார். நாட்டில் எல்லாரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு விலாங்குக்காக நினைத்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கப் பொன்னுத்துரையர் வந்தார். வந்து தொட்டியைப் பார்க்கவில்லை. குளியலறைப் பக்கம் பார்த்தார்.

“தம்பி, உன்னட்டைக் கடல் இருக்காம்.”

“ஒரு பரல் இருக்கு அண்ணை.”

“பரலோ குடமோ, கடல் கடல்தானே. அமாவாசைக்கு, செத்துப்போன என்ரை அப்பருக்குக் கடலிலை முழுகி எள்ளுந் தண்ணியும் இறைக்க வேணும். யாழ்ப்பாணப் பாதை பூட்டு, கீரிமலைக் கடலுக்குப் போக வழியில்லை. கொழும்புக்குப் போனால் கடற்கரையிலை நிக்கிற தமிழனைப் பிடிச்சு அடைக்கிறாங்கள். எனக்கும் நாலு பேருக்கும் ஆளுக்கொரு வாளி தா. உன்ரை கொல்லைக்குள்ளை முழுகிப்போட்டுப் போறம்.”

யோகேந்திரன் வாளிகளை மனதுக்குள் எண்ணினார். ஐந்து வாளி போனால் பரலில் அடி தெரியும். “அண்ணை, அது தம்பிரானுக்கு வைச்ச…”

“ஓம் அண்ணை, தாறம்” என்று குசினிக்குள்ளிருந்து பத்மாதேவி குரல் கொடுத்துவிட்டாள். பொலிஸ் வாசலில் போய் நின்று தன் புருஷனை மீட்டவர் ஒரு வாளி தண்ணீர் கேட்கிறார். அதற்கு இல்லையென்று சொல்லுகிற வீடா இது?

அமாவாசை விடியற்காலை ஐந்து பெரியவர்கள் வேட்டியோடு குவாட்டர்ஸ் கொல்லையில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். பொன்னுத்துரையர் போக, ஒருவர் வங்கி, ஒருவர் ஆஸ்பத்திரி, இருவர் மின்சாரசபை. கரண்ட் இல்லாததற்குக் காரணமானவர்கள் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது யோகேந்திரனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வாளி வாளியாக அள்ளிக் கொடுத்தார். கண்டிக் குளிரில் கடல்தண்ணீர் பட்டு, படித்த மனிதர்கள் “ஐயோ அம்மா” என்று கத்தினார்கள். அப்பாமாருக்கான நாளில் அம்மாவைக் கூப்பிட்டதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. வாழைச்செடிக்குள் ஓடி மறைகிற உப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்குத்தான் நெஞ்சு எரிந்தது.

கடைசி வாளியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தபோது வீட்டுக்குள்ளிருந்து பொன்னுத்துரையரின் குரல் கேட்டது. அப்படியொரு குரல் அவரிடம் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

நடந்தது இதுதான். எள்ளும் நெய்யும் போட்டுப் பிசைந்த பிண்டத்தைக் கடலில் கரைக்க வேண்டும். வாளித் தண்ணீர் கொல்லைக்குள் ஓடிவிட்டது. கணக்காய்வாளர் சுற்றிப் பார்த்தார். வீட்டுக்குள் நாலு பக்கமும் கண்ணாடி போட்ட கடல் ஒன்று இருந்தது. பத்மாதேவிக்கும் அது சரியாகப் பட்டது. அமாவாசையும் அதுவுமாகத் தம்பிரானுக்குப் பால் வைக்கலாம் என்று அவளும் ஒரு செம்புப் பாலோடு வந்து நின்றாள். பொன்னுத்துரையர் படிக்கல்லை இறக்கி மூடியைத் திறந்து, கண்ணை மூடி, அப்பரின் பெயரையும் அவருடைய அப்பரின் பெயரையும் சொல்லி, பிண்டம் பிடித்த கையைத் தண்ணீருக்குள் விட்டார். ஆடிச் செவ்வாய், ஆடி வெள்ளி, இடையில் வருவதும் ஆடிதானே என்று இரண்டு கிழமையாக இறால் காணாத தம்பிரான், குழாய்க்குள்ளிருந்து ஒரு பாய்ச்சலில் வந்து சுட்டுவிரலைக் கவ்வினார்.

யோகேந்திரன் உள்ளே ஓடிவந்தபோது பொன்னுத்துரையர் விரலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். ரத்தம் வேட்டியில் சொட்டியது. முகத்தில் வலி இல்லை, வேறொன்று இருந்தது.

“அப்பர்” என்றார்.

“அண்ணை?”

“அப்பரடா தம்பி. இதே விரல்தான். எழுத்துப் பிழைச்சால் இந்த விரலிலைதான் அடிமட்டத்தாலை போடுவார். நான் ஒண்டு குடுத்து மனுசன் சந்தோசமா வாங்கினதாச் சரித்திரமே இல்லை.”

பொன்னுத்துரையரின் தந்தை தலைமை வாத்தியார். செத்து முப்பது வருஷம். வாயைத் திறந்து திறந்து மூடுகிற வழக்கம் அவருக்கும் இருந்ததாக அங்கேயே ஒரு சாட்சி கிளம்பியது. வங்கிக்காரர் அவரிடம் படித்தவராம்.

யோகேந்திரன் அதைக் கேட்கவில்லை. தொட்டியைத்தான் பார்த்தார். பத்மாதேவியின் கையிலிருந்த செம்பு, பொன்னுத்துரையர் கத்திய கத்தில் தொட்டிக்குள்ளேயே விழுந்திருந்தது. பாலும் சோறும் எள்ளும் கலந்து கண்ணாடிக்குள் வெள்ளை முகில். அதற்குள் தம்பிரானின் தலை மேலே வந்து, தண்ணீர்மட்டத்துக்கு வெளியே வாயைப் பிளந்து பிளந்து மூடியது. அது வழக்கமான வாயசைப்பு இல்லை.

“தண்ணி மாத்த வேணும்” என்றார் யோகேந்திரன். “இண்டைக்கே. இல்லாட்டி செத்துப்போகும்.”

“பரலிலை?” என்றாள் பத்மாதேவி.

அவர் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஐந்து பெரியவர்களின் பிதிரர்கள் குடித்து முடித்த ஈர மண் மட்டும் இருந்தது.

யோகேந்திரன் சேர்ட்டை மாட்டினார். இரண்டு வெறுங் கலனைக் கையில் எடுத்தார். பத்மாதேவி அவரைப் பார்த்தாள். வாழ்நாளில் எங்கேயும் எதையும் எடுக்கப் போகாத மனிதன்.

“என்னப்பா, பிடிச்சால்?”

“பிடிக்கட்டும். ஏற்கெனவே விசரன் எண்டு எழுதி வைச்சிருக்கிறாங்கள்.”

“நில்லடா” என்றார் பொன்னுத்துரையர். விரலில் துணி சுற்றிக்கொண்டு எழும்பினார். “அப்பர் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடக்க நான் வீட்டிலை தோசை தின்னிறதோ? நானும் வாறன். உனக்குத் தெரிஞ்சது பார்சல் சிங்களம் மட்டும்தான்.”

மற்ற நான்கு பேரும் தங்கள் அப்பாமார் தொட்டிக்குள் இல்லை என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனார்கள்.

பொன்னுத்துரையர் ரத்தம் பட்ட வேட்டியை மாற்றிக் கால்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்தார். ஸெய்னுலாப்தீன் அன்று மாத்தறை ரயிலில் இருந்தது அதிர்ஷ்டம். மேடையில் கலனோடு இரண்டு பேரையும் கண்டதும் தலையில் கையை வைத்தார். “யா அல்லாஹ்! ஒரு விசரன் ஈந்தான், இப்ப ரெண்டா?” பொன்னுத்துரையர் சிங்களத்தில் அல்ல, தமிழில், கையைக் கூப்பி, “நானா, என்ரை அப்பர்” என்றார். ஸெய்னுலாப்தீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் வாப்பா என்றால் வாப்பாதான். “ஏறுங்க” என்றார். “என்ட உடுப்புக்குப் பக்கத்துலயே நில்லுங்க. நான் செல்லாம மூச்சும் விடக்கூடாது.”

பம்பலப்பிட்டியில் இறங்கியபோது வெயில் உச்சியில் இருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பாறை, பாறைக்கு அந்தப் பக்கம் கடல். காவல்கூட்டுக்குள்ளிருந்து ஒரு சிப்பாய் துவக்கைத் தூக்கினான். ஸெய்னுலாப்தீன் தொப்பியைச் சரிசெய்து, பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டே போய் அவனோடு பேச்சுக் கொடுத்தார். யோகேந்திரன் பாறையில் குந்திக் கலன்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். குமிழி குமிழியாய்க் கடல் உள்ளே போனது. நிரம்பிய இரண்டையும் கரையில் வைத்துவிட்டுத் திரும்பினால், பொன்னுத்துரையர் சப்பாத்தைக் கழற்றிப் பாறைமேல் சோடியாக வைத்துவிட்டு, கால்சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

“அண்ணை! வெளியிலை வாங்கோ!”

“வந்த இடத்திலை ஒருக்கா முழுகிப்போட்டு வாறன்.”

“அப்பர் கண்டியிலையெல்லோ இருக்கிறார்! இஞ்சை ஆருக்கு முழுகிறியள்?”

பொன்னுத்துரையர் ஒரு கணம் யோசித்தார். கணக்காய்வாளர் அல்லவா. “அம்மாவுக்கு” என்றார்.

“அம்மாவுக்கு முழுகிறது சித்திராப் பௌர்ணமிக்கெல்லோ!”

“முன்கூட்டி வைக்கிறதடா!” என்றுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு அமிழ்ந்தார். எழும்பியபோது நரைத்த தலையில் பாசி. மறுபடி அமிழ்ந்தார். கொழும்புக் கடலுக்குப் பயந்து ஒரு வாளியில் முழுகிய மனிதர், சிப்பாய் பார்த்துக்கொண்டு நிற்க, குழந்தைப் பிள்ளைபோல் வாயால் தண்ணீரைத் துப்பிச் சிரித்தார். யோகேந்திரன் அவரை அப்படிக் கண்டதே இல்லை. கண்டியில் வேறு யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

ஸெய்னுலாப்தீன் தன் ரயிலோடு மாத்தறைக்குப் போய்விட்டார். கண்டிக்குத் திரும்பும் ரயிலுக்குக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் மாற வேண்டும். வாசலில் ஆமி. மீசை முளைக்காத சிப்பாய் ஒருவன் கலனைத் தட்டினான்.

“மொகக்த மே?”

இதென்ன என்று அவன் கேட்டது யோகேந்திரனுக்கே விளங்கியது. பொன்னுத்துரையர் ஈரக் கால்சட்டை காலில் ஒட்ட, முதுகை நிமிர்த்திக்கொண்டு, கடல்தண்ணீர் என்றார்.

“யாருக்கு?”

“என்னுடைய தகப்பனாருக்கு.”

“அவர் எங்கே?”

“கண்டியில்.”

“வருத்தமா?”

“மூச்சு எடுக்க முடியாமல் கிடக்கிறார்.”

இவ்வளவும் பொன்னுத்துரையர் தன் பெரிய சிங்களத்தில் சொன்னார். யோகேந்திரனுக்கு ‘தாத்தா’ என்ற சொல் மட்டும் பிடிபட்டது. சிங்களத்தில் அது அப்பா. இத்தோடு சரி, என்று கண்ணை மூடிக்கொண்டார். சிப்பாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். துணி சுற்றிய விரலைப் பார்த்தான். தலையில் பாசியைப் பார்த்தான். பிறகு கலனின் மூடியைக் கழற்றி, “பீலா பென்னன்ன” என்று நீட்டினான். குடித்துக் காட்டு.

யோகேந்திரன் கையை நீட்டினார். பொன்னுத்துரையர் தட்டிவிட்டார்.

“உனக்கு வயித்துக்குத்து வந்தால் ஆர் தண்ணி மாத்துறது?”

மூடி நிறைய ஊற்றினார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத விரதக்காரர். அண்ணாந்து ஊற்றினார். முகம் கோணியது. சிப்பாய் இன்னொன்று என்று விரலைக் காட்டினான். இன்னொன்றும் போனது. கண்ணில் தண்ணீர் வந்தது. அதுவும் உப்புத்தான்.

சிப்பாய் கலனை மூடிக் கையில் கொடுத்துவிட்டு ஏதோ சொன்னான்.

“என்னவாம்?” என்றார் யோகேந்திரன், மேடைக்கு வந்த பிறகு.

“தன்ரை தகப்பனுக்கும் இழுப்பாம். இது நல்லதோ எண்டு கேக்கிறான்” என்று சொல்லிவிட்டுப் பொன்னுத்துரையர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் கக்கூசைத் தேடி ஓடினார். கண்டி போய்ச் சேரும்வரை அவர் ரயிலில் எங்கே பயணம் செய்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது மரியாதை.

வீட்டில் கரண்ட் இல்லை. பொழுதுபடுகிற வெளிச்சத்தில் பத்மாதேவி தொட்டிக்கு முன்னால் கதிரையில் நின்றுகொண்டு, செம்பால் அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இறங்கவில்லை. தலைமயிர் அவிழ்ந்து, சேலை முழுக்கப் பால் நாற்றம்.

“கிடக்குதோ?” என்றார் யோகேந்திரன்.

“பாம்பெண்டு சொன்னியள்” என்றாள் அவள், கையை நிறுத்தாமல். “நாள் முழுக்கக் கிட்ட நிண்டு பாத்தன். முதுகிலை மீன் செட்டை கிடக்கு.”

யோகேந்திரன் கலனைக் கீழே வைத்தார்.

“மூண்டு வருஷமா என்ரை வீட்டுச் சாமித்தட்டுக்குப் பக்கத்திலை மீன் வளத்திருக்கிறியள்.”

அவர் வாயைத் திறந்தார், மூடினார். தொட்டிக்குள்ளும் அதேதான் நடந்துகொண்டிருந்தது.

“பிறகு கதைப்பம்” என்றாள். “முதல்லை தண்ணியை ஊத்துங்கோ. உயிர் போகப்போகுது.”

மூவரும் சேர்ந்து பழைய தண்ணீரை இறைத்தார்கள். புதுத் தண்ணீரை ஊற்றினார்கள். தம்பிரான் அடியில் பக்கவாட்டில் சரிந்து கிடந்தார். யோகேந்திரன் கண்ணாடியில் நெற்றியை வைத்தார். ஸ்டேஷன் புதினம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஆகவே அன்றைய புதினத்தைச் சொன்னார்: பாறை, சிப்பாய், மூடி, இன்னொரு மூடி. எங்கோ பாதியில் தம்பிரான் புரண்டார். மெல்ல நகர்ந்து குழாய்க்குள் வாலை விட்டு, திரும்பித் தலையை நீட்டி, ஆறுதலாக வாயைத் திறந்து மூடினார்.

“கேக்கிறார்” என்றார் பொன்னுத்துரையர் பின்னாலிருந்து. தன்னையறியாமல் கடிபட்ட கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

அந்த வீட்டில் மீன் இருக்கலாம் என்று பத்மாதேவி சட்டம் திருத்தினாள். ஆனால் வெள்ளிக்கிழமை விரதத்தைத் தள்ளுபடி செய்யவில்லை. மீனென்றால் விரதம் இல்லையோ என்றாள். தண்ணீருக்கு மாதத்துக்கொரு தடவை இரண்டு பேர் கொழும்புக்குப் போய் வந்தார்கள். ஒருவர் சிங்களம் பேச, மற்றவர் கலன் தூக்க. கோட்டையில் அந்தச் சிப்பாய் நின்ற காலம்வரை, குடித்துக் காட்டுவது ஒரு மூடியோடு நின்றது. ஆடி அமாவாசைதோறும் பொன்னுத்துரையர் மரக்கறி தின்கிற கையால் ஒரு இறாலைக் கம்பி நுனியில் குத்திக்கொண்டு வருவார். விரலால் கொடுப்பதில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை ஓய்ந்து பாதை திறந்தது. முதல் ஆடி அமாவாசைக்கே பொன்னுத்துரையர் வான் பிடித்துக் கீரிமலைக்குப் போனார். யோகேந்திரனுக்கு உள்ளே கொஞ்சம் வலித்தது. இனி அவர் வரமாட்டார் என்று நினைத்தார். அந்தக் கிழமை முடிவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் கம்பி, கம்பியில் இறால்.

“என்ன அண்ணை, கீரிமலை எப்பிடி?”

பொன்னுத்துரையர் படிக்கல்லை இறக்கி மூடியைத் தூக்கினார்.

“நல்லா முழுகினன். பிண்டமும் கரைச்சன்” என்றார். “ஒருத்தரும் கடிக்கேல்லை.”